இடம்புரி முடிச்சு

வாசலின் இரண்டு கம்பங்களுக்கும் குறுக்கே வைக்கோல்பிரியைக் கட்டி, கடைசி முடிச்சை இறுக்கும்போது தல்சூவின் கை அப்படியே நின்றது. முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

பிரி இடம்புரியாக இருக்க வேண்டியதுதான். பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் கட்டுகிற பிரியை எங்கள் மலைப்பக்கத்தில் யாரும் வலம்புரியாகத் திரிப்பதில்லை. ஊரில் உள்ள மற்றக் கயிறெல்லாம் ஒரு பக்கம் முறுக்கினால் இது எதிர்ப்பக்கம். வாசல்வரை வந்த கெட்டது இதைப் பார்த்துக் குழம்பி, வந்த வழியே போய்விடும். ஆனால் கம்பத்தில் போடுகிற முடிச்சுக்கு அப்படியொரு சட்டம் கிடையாது. தல்சூ எப்போதும்போலத்தான் போட நினைத்தான். கை கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பிரியைத் திரித்துத் திரித்து, விரல்களெல்லாம் இடப்பக்கம் திரும்பியே பழகிப்போயிருந்தன.

விடியற்காலையில் போட்ட இன்னொரு முடிச்சு அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்படியே பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். அது மச்சானின் வில்நாணுக்குப் போட்ட முடிச்சு.

மச்சான் என்றால் சில்போ, தல்சூவின் மனைவி ஓக்தானின் அண்ணன். அந்த வட்டாரத்தில், எருமைக் கொம்பு ஒட்டிச் செய்த கொம்பு வில்லை அவனைப்போல இழுக்க ஆளில்லை. ஆனால் முடிச்சுப் போடச் சொன்னால் மூட்டை கட்டுகிற மாதிரிக் கட்டிவைப்பான். அதனால் நாண் வேலையெல்லாம் தல்சூவின் தலையில். நாணின் இரண்டு நுனியிலும் மாட்டு நரம்பில் ஒரு காது இருக்கும். அந்தக் காதைத்தான் வில்முனையில் மாட்டுவார்கள். காதையும் நாணையும் சேர்க்கிற முடிச்சில்தான் வில்லின் பலமெல்லாம் வந்து விழும். நரம்பும் சரி, நாணும் சரி, வலம்புரியாக முறுக்கியவை. அந்த முறுக்கோடு சேர்ந்து சுற்றினால் இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். எதிராகச் சுற்றினால் பார்வைக்கு அதே முடிச்சுத்தான். நாணேற்றும்போதுகூட நிற்கும். ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மயிரிழை நழுவும். எந்த இழுப்பில் அவிழும் என்று அதைப் போட்டவனாலும் சொல்ல முடியாது.

மேலூரில் விறகு வெட்டப் போனவனைப் புலி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதை அடித்தே தீர வேண்டும் என்று அதிகாரியின் கச்சேரியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. அந்த வேட்டைக்குக் கிளம்பும்போதுதான் சில்போ, தன் நாணின் மேல் காது நைந்திருப்பதைக் கவனித்து, பொழுது விடிவதற்குள் வாசலில் வந்து நின்றான்.

"மாப்ளே, மேல் காது போயிடுச்சு. சட்டுனு ஒண்ணு போட்டுக் குடு. தமுக்கடிக்கிறவனுங்க அப்பவே மலை ஏறிட்டானுங்க."

"உள்ள வந்து நெருப்புகிட்ட உக்காருங்க மச்சான்."

"வரமாட்டேன்பா. உள்ள பிள்ளை பொறந்துச்சுன்னா அந்தத் தீட்டோட நான் வேட்டைக்கே போக முடியாது. அதுக்குள்ள குடுத்துடு." அறைக்குள்ளிருந்து ஓக்தானின் முனகல் கேட்டது. சில்போ சிரித்தான். "இந்தச் சத்தத்தை மலைப் பெரியவர் கேட்டா அவரே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுவாரு. சின்ன வயசுலேர்ந்தே இவ தொண்டை இப்பிடித்தான்."

வேட்டைக்குப் போகிறவர்கள் புலியைப் புலி என்று சொல்வதில்லை.

தல்சூ நரம்பை ஊறவைத்து, சுற்றி, தணலில் காட்டி உலர்த்தி, மெழுகு தேய்த்துக் கொடுத்தான். கண்ணும் கையும் நாணில் இருந்தனவே தவிர, காது முழுக்க அறைக்குள் இருந்தது. போதாக்குறைக்கு, திரித்த பிரியைக் காலால் தள்ளி வைக்கோலுக்கு அடியில் மறைக்க வேண்டியிருந்தது. பிள்ளை பிறக்குமுன்னே பிரி திரிப்பது நல்லதில்லை. ஆனால் அவன் என்ன செய்வான்? முன்பு பிறந்த இரண்டும் மூன்று வாரத்தைத் தாண்டவில்லை. இரண்டு தடவையும் பிறந்த பிறகு அவசர அவசரமாகத் திரித்த நோஞ்சான் பிரி. அதனால்தான் காவல் பலிக்கவில்லை என்று அவனாகவே முடிவு செய்திருந்தான். இந்தத் தடவை மணிக்கட்டுத் தடிமனில் ஒரு பிரி வேண்டும் என்று, பிரசவம் பார்க்க வந்திருந்த அத்தைக்குக்கூடத் தெரியாமல் கொல்லையில் உட்கார்ந்து திரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பயம் பிடித்த கையாலேயே மச்சானுக்கும் முடிச்சைப் போட்டுக் கொடுத்தாயிற்று. சில்போ வாங்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் பெண் பிறந்தது.

தல்சூ பனியிலிருந்து எழுந்தான். பிரிக்கு அடியில் குனிந்து வெளியே போகப் பார்த்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. பிரசவம் பார்த்த அத்தை, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கக் கடற்பாசி ஊறுகிற சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சும்மா, மலைப்பக்கம் வரைக்கும்."

"சும்மா போற மூஞ்சியா இது? பிரியைக் கட்டின கை இன்னும் சூடு ஆறல. இந்த மூணு வாரத்துக்கு சாவு, ரத்தம், வேட்டை எதையும் நீ கண்ணால பாக்கக் கூடாது. பாத்தா அது உன் பின்னாடியே வீட்டுக்குள்ள வரும். ரெண்டைத் தூக்கிக் குடுத்தது பத்தலியா உனக்கு?"

காகிதக் கதவுக்குப் பின்னாலிருந்து ஓக்தான், "என்னங்க ஆச்சு?" என்றாள். அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டதும் அவனால் மறைக்க முடியவில்லை. கதவுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அவள், "அண்ணன் பாத்துடுவாரு. நாணேத்துறதுக்கு முன்னாடி நார் நாரா பாக்கறவராச்சே அவரு" என்றாள்.

"மத்தவங்க போட்டதைப் பாப்பாரு. நான் போட்டதைப் பாக்கமாட்டாரு."

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் ஆவாது. போகாதீங்க."

"ஓக்தான், உன் அண்ணன்."

"தெரியும். எனக்கு அண்ணன் ஒருத்தர்தான், அதுவும் தெரியும்." அவள் குரல் உடைந்தது. "இவ என் பக்கத்துல படுத்திருக்கா. கண்ணை இன்னும் தொறக்கல. இவளையும் குடுத்துடலாம்னு சொல்றீங்களா?"

உண்மையைச் சொன்னால், போகாதீங்க என்ற வார்த்தையைக் கேட்டதும் அவனுக்கு ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து உடனே கூசிப்போனான்.

அத்தை சட்டியைக் கீழே வைத்தாள். "அந்த முடிச்சு அவுந்தா என்னாகும்?"

"கொம்பு வில் நாண் இல்லாட்டி எதிர்ப்பக்கமா திருப்பிக்கும் அத்தை. அடிச்ச அடியில உடைஞ்சுகூடப் போயிடும். மச்சான் கையில ஒண்ணும் இருக்காது."

"அவன் பக்கத்துல ஈட்டி பிடிச்சு நிக்கிறவனுக்கு?"

சில்போவுக்குப் பக்கத்தில் ஈட்டி பிடித்து நிற்பவன் கும்தோல். அத்தையின் ஒரே மகன். அம்பு பாய்ந்த பிறகு குத்துவதுதான் ஈட்டிக்காரன் வேலை. அம்பு பாயாத புலியின் முன்னால் ஈட்டி, சாப்பாட்டுக் குச்சி மாதிரிதான்.

அத்தை வாசலுக்கு வந்தாள். தடித்த பிரியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"குனிஞ்சு போ. தலை படாம போ."

"அத்தை, நீங்களுமா?" என்று உள்ளே ஓக்தான் அழ ஆரம்பித்தாள்.

"உள்ள இருக்கிறது உன் பிள்ளைடி. மலையில நிக்கிறது என் பிள்ளை" என்றாள் அத்தை. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

தல்சூ ஓடினான். ஓடினான் என்று சொல்வது மரியாதைக்குத்தான். முழங்கால் பனியில் விழுந்து எழுந்து, நான்கு காலில் போனான் என்பதே சரி. மேலே எங்கோ தமுக்குச் சத்தம் கேட்டது. புலியை விரட்டுகிறவர்கள் ஓடைப் பக்கமிருந்து இரட்டைப் பாறையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் சில்போ பாறை இடுக்கில்தான் நிற்பான். தமுக்குச் சத்தம் நெருங்க நெருங்கத் தல்சூ இன்னும் வேகமாக ஏறினான். வழியில் நின்று பனியை அள்ளிக் கையில், முகத்தில், கழுத்தில் தேய்த்துக்கொண்டான். பிறப்பு வாடையை மலை மோப்பம் பிடிக்காமல் இருக்க வேண்டுமே. என்னைப் பார்க்காதே என்று மலைத் தெய்வத்தையும், கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள் என்று பிள்ளை தரும் தெய்வத்தையும் கும்பிட்டான். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டால் தன்னை யார் காப்பாற்றுவார்கள் என்ற யோசனை அவனுக்கு அப்போது வரவில்லை.

பாறைக்குப் பின்பக்கமாக ஏறியபோது முதலில் கும்தோலின் முதுகு தெரிந்தது. ஒரு காலை மடக்கி, ஈட்டியைச் சாய்த்துப் பிடித்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடப்பக்கம் சில்போ நின்றிருந்தான். வில் முழுசாக இழுபட்டிருந்தது. கூப்பிட வாயைத் திறந்த தல்சூ, அவர்களுக்கு எதிரே பார்த்ததும் திறந்த வாயை மூட மறந்துபோனான்.

பாறை இடுக்கின் அந்தக் கடைசியில் புலி நின்றது. ஓடி வந்த மாதிரி இல்லை. நடந்து வந்து, இவர்களைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று யோசிக்கிற மாதிரி நின்றது. தலை ஒரு அண்டா அளவுக்கு இருந்தது. வால் நுனி மட்டும் பனியில் இப்படியும் அப்படியும் அசைந்தது. மூச்சு வெள்ளையாக வந்தது. தல்சூ திரும்பி ஓடியிருப்பான். கால் வரவில்லை, அவ்வளவுதான்.

கண்ணைப் புலியிடமிருந்து பிய்த்து வில்முனைக்குக் கொண்டுபோனான். முடிச்சில் எப்போதும் ஒரு விரற்கணு நீளத்துக்கு நரம்பின் வாலை விட்டுத்தான் அறுப்பான். இப்போது அங்கே ஒரு தினையளவுகூட இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

சத்தம் போட்டால் மச்சான் திரும்புவான். திரும்பினால் புலி பாயும். பேசாமல் இருந்தால் முடிச்சு அவிழும். தல்சூ மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்துச் சில்போவின் பக்கத்தில் போய், கையை நீட்டி, வில்முனையையும் முடிச்சையும் சேர்த்து முஷ்டிக்குள் அமுக்கிப் பிடித்தான்.

சில்போவின் உடம்பு துணுக்குற்றது. முகம் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"யாரு?"

"நான்தான் மச்சான். விடாதீங்க. முடிச்சு நழுவுது."

"விடாம என்ன பண்றது?"

"விட்டாலும் அவுந்துடும். இப்பிடியே நில்லுங்க."

"எவ்வளவு நேரம்டா நிக்கிறது, நாயே?" சில்போவின் குரல் மூச்சளவுதான் இருந்தது. "கை போவுதுடா."

"இருங்க மச்சான். உங்களைக் கும்பிடறேன், இருங்க."

முஷ்டிக்குள் நரம்பு ஊர்வது தல்சூவுக்குத் தெரிந்தது. இறுக்கினான். நகம் உள்ளங்கையில் பதிந்தது. சில்போவின் வலக்கை முழங்கையிலிருந்து உதறத் தொடங்கியது. அந்த உதறல் நாண் வழியாக வந்து தல்சூவின் கையையும் உதறியது. கும்தோலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவன் ஒன்றும் பேசாமல், உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இரண்டு பேருக்கும் முன்னால் போய் ஈட்டியை நிமிர்த்தினான். ஈட்டி முனை காற்றில் வட்டம் போட்டது. அவ்வளவு நடுக்கம்.

புலி மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. தல்சூவின் மேல் அதன் கண் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்ற மாதிரி அவனுக்குத் தோன்றியது. பிறப்பு வாடை அதற்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது இடுக்கு காலியாக இருந்தது. பக்கத்துக் கருவாலிப் புதர் ஆடி, கிளையிலிருந்து பனி உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆள் யாரையும் நிறுத்தியிருக்கவில்லை. புலி போயே போய்விட்டது.

"இறக்குங்க மச்சான். மெதுவா." தல்சூ சொல்லி முடிக்குமுன் சில்போவின் கை செத்துப்போனது. நாண் பாதி தூரம் திரும்பியபோதே முடிச்சு அவிழ்ந்தது. வில் தல்சூவின் முஷ்டியைப் பிளந்துகொண்டு எதிர்ப்பக்கம் திருப்பி அடித்தது. கொம்பு படாரென்று விரிசல் விட்டது. தல்சூவின் நடுவிரல் திரும்பக் கூடாத பக்கம் திரும்பி நின்றது. பனியில் ரத்தம் சொட்டியது.

சில்போ அவிழ்ந்த நரம்பைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதன் சுருளைப் பார்த்ததும் அவனுக்கே தெரிந்தது. ஓங்கி ஓர் அறை விட்டான். தல்சூ வாங்கிக்கொண்டான்.

"இடம்புரியா சுத்தியிருக்கே. எங்க வெச்சிருந்த மூளையை?"

"பிரி திரிச்சிட்டு இருந்தேன் மச்சான்."

சில்போ அவனையே பார்த்தான். பனி அப்பிய முழங்கால், கிழிந்த வைக்கோல் செருப்பு, ஒழுகுகிற கை எல்லாவற்றையும் பார்த்தான்.

"பொறந்துடுச்சா?"

"பொண்ணு."

"பிரி கட்டிட்டு இங்க வந்தியா?"

தல்சூ தலையாட்டினான். சில்போவுக்கு அதற்கு மேல் கோபப்படத் தெம்பில்லை. பாறையில் சாய்ந்து, முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டான். கும்தோல் இன்னும் புதரைப் பார்த்தபடி ஈட்டியை இறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நீ இங்க வரல" என்றான் சில்போ கடைசியாக. "குளிர்ல வில்லு வெடிச்சுது, பெரியவர் தப்பிச்சுட்டாரு. கச்சேரியில நான் அப்பிடித்தான் சொல்லப்போறேன். ரெண்டு அடி குடுப்பானுங்க, வாங்கிக்கிறேன். கும்தோல், நீயும் இவனைப் பாக்கல."

"நான் யாரையும் பாக்கலண்ணே" என்றான் கும்தோல். பல் தந்தியடித்தது.

தல்சூ தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கையைத் துணியில் சுற்றியிருந்தான். பிரிக்கு வெளியே நின்றான். அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க அவனுக்கே தைரியம் இல்லை.

"ஓக்தான், அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. கும்தோலுக்கும் ஒண்ணுமில்ல."

உள்ளே அத்தை தொப்பென்று உட்கார்கிற சத்தமும், மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டன. கதவுக்குப் பின்னாலிருந்து ஓக்தான் கேட்டாள்.

"ரத்தம் பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு எழவில்லை.

"பாத்தேன். என்னோடதுதான்."

"அப்போ உள்ள வராதீங்க."

"வரல. மூணு வாரமும் மச்சான் வீட்டுல இருந்துக்கறேன்." அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். உள்ளே வேறு சத்தமே இல்லை. "அவ?"

"தூங்குறா."

முன்பு இரண்டாவதாகப் பிறந்ததும் இப்படித்தான் ஒரு மத்தியானம் முழுக்க அழாமல் கிடந்தது. நன்றாகத் தூங்குகிறது என்று புருஷனும் பெண்டாட்டியும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பின்னால் எதுவோ மலையிலிருந்து கூடவே இறங்கி வந்து, இப்போது அவனைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"நெசமா தூங்குறாளா?"

"நெசமாத்தான் தூங்குறா. போங்க, குளிருது."

"தூங்குதுடா, போ" என்று அத்தையும் சொன்னாள்.

அவன் போகவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே இருந்தவளுக்கும் அவன் நகரவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

திடீரென்று வீலென்று ஓர் அழுகை கேட்டது. பசிக்கு அழுகிற அழுகை இல்லை, யாரோ அநியாயம் செய்துவிட்ட மாதிரியான அழுகை. அதோடு சேர்ந்து ஓக்தானின் குரலும் கேட்டது: "அழாதடி, அழாதடி என் கண்ணு. உங்கப்பன் நம்பமாட்டேங்கிறாருடி. அம்மா கிள்ளாம என்ன பண்ணுவேன்?"

தல்சூ அங்கேயே உட்கார்ந்து, சுற்றிய கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

"கேட்டுச்சா?" என்றாள் ஓக்தான்.

"கேட்டுச்சு."

"நாளைக்கும் வந்து நில்லுங்க. ஆனா நாளைக்கு அவ தூங்குறான்னு நான் சொன்னா நம்பணும்."

"நம்பறேன்" என்றான். மறுநாளும் வந்து நின்றவன், அழுகைச் சத்தம் கேட்கிறவரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.